ஷிபாயாமாவா, ராடென்னா?

19ஆம் நூற்றாண்டு ஜப்பானிய அரக்குப் பலகை ஒன்றைச் சுவரில் மாட்ட ஆசைப்படுபவர் பெரும்பாலும் துண்டுகளைப் பதித்துச் செய்யும் இந்த இரண்டு அலங்கார வேலைகளுக்கும் நடுவில்தான் தடுமாறுவார். (நம் ஊர் அரக்கு பூச்சி தருவது; ஜப்பானியரின் உருஷி ஒரு மரத்தின் பால்.)

ஷிபாயாமா முதல் பார்வையிலேயே மனதைப் பறித்துவிடும். தந்தம், சிப்பி, பவளம், ஆமை ஓடு ஆகியவற்றைத் துண்டு துண்டாகச் செதுக்கி, பலகையிலிருந்து புடைத்து நிற்கும்படி பதித்திருப்பார்கள். சேவலின் கொண்டை ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, ஒவ்வொரு இதழும் ஒரு துண்டு. 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்தபின் மேல்நாட்டுக்கு ஏராளமாகக் கப்பலேறிய வேலை இது.

தொல்லையும் அந்தப் புடைப்பில்தான். வறண்ட காற்றில் மரம் சுருங்கும், பசை விட்டுப்போகும், துண்டு உதிரும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: இலை வடிவத்தில் ஒரு சிறு பள்ளம், அதில் பழுப்பேறிய பசை. பின்னால் ஒட்டிய மாற்றுத் துண்டு என்றால், பக்கத்துத் துண்டுகளோடு சேராத வெளுப்பே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

ராடென் அடக்கமானது. சிப்பியை மட்டும் நம்பிய கலை. ஜப்பானின் நாரா நகரில் உள்ள ஷோசோயின் கருவூலத்தில் இருக்கும் 8ஆம் நூற்றாண்டு ஐந்து தந்தி பிவா என்னும் இசைக்கருவியிலேயே இந்த வேலையைக் காணலாம். மெல்லிய வகையில் சிப்பி ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அதை ஒட்டி, மேலே உருஷி பூசி, காய்ந்தபின் சிப்பி வெளிவரும்வரை தேய்க்கிறார்கள். நல்ல வேலையில் விரலால் தடவினாலும் சிப்பி எங்கே முடிந்து அரக்கு எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. நாகசாகிக் கைவினைஞர்கள் சிப்பியின் அடிப்புறத்தில் வண்ணமும் தீட்டினார்கள்; பூவின் சிவப்பு உள்ளிருந்து கசிவதுபோல் தெரியும். இதிலும் ஓரம் தூக்கிக்கொள்வது உண்டு, ஆனால் பொலபொலவென்று உதிர்வதில்லை.

வெயில் இரண்டுக்குமே ஆகாது. கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிடும்.

என் தேர்வு ராடென். இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது. பழைய பொருள்தானே என்ற சமாதானத்தை நம்பி ஷிபாயாமாவில் பணம் போடாதீர்கள். 'தந்தமில்லை, எலும்புதான்' என்று விற்பவர் சொன்னால் உருப்பெருக்கியில் பாருங்கள்: எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பொருளைப் பாழாக்கிவிடும்.

ஒரு துண்டும் இழக்காத ஷிபாயாமா கண்ணில் பட்டால் அருங்காட்சியகத்தில் நின்று நிதானமாக ரசிப்பேன். வீட்டுச் சுவருக்கு, விளக்கோடு நாம் நகரும்போது பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் அந்தச் சிப்பிதான் வேண்டும்.