நிறம் தீட்டுவதா, குறிப்பு எழுதுவதா? தனிப்பட்ட வேத ஆராய்ச்சிக்கு ஓர் ஒப்பீடு

வேதாகமத்தை ஆராய்ந்து படிப்பவர்களில் சிலர் வசனங்களுக்கு நிறம் தீட்டுகிறார்கள். சிலர் தனிக் குறிப்பேடு வைத்து எழுதுகிறார்கள். இரண்டையும் கைப்பேசிச் செயலியிலேயே முடித்துக்கொள்பவர்களும் பெருகிவருகிறார்கள். இவற்றில் எது சிறந்தது என்பது, பெரும்பாலும், வேதத்தின் எந்தப் பகுதியைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வரலாற்றுப் பகுதிகளில் நிறத்துக்கு இணையான கருவி இல்லை என்பது என் கருத்து. நியாயாதிபதிகள் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஜனங்கள் பொல்லாப்புச் செய்வதற்கு ஒரு நிறம், சத்துருக்களின் கையில் ஒடுங்குவதற்கு ஒன்று, கர்த்தரை நோக்கிக் கூப்பிடுவதற்கு ஒன்று, தேசம் அமைதலாயிருந்ததற்குப் பச்சை என்று தீட்டிக்கொண்டே போனால், முதல் நியாயாதிபதியான ஒத்னியேலின் வரலாற்றில், அதாவது 3:7-11 என்ற ஐந்தே வசனங்களில், நான்கு நிறங்களும் வந்துவிடும். பச்சை 3:11, 3:30, 5:31, 8:28 ஆகிய இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. 8:28-இல், கிதியோன் என்ற நியாயாதிபதியோடு, அது நின்றுவிடுகிறது. யெப்தா ஆறு வருஷமும் சிம்சோன் இருபது வருஷமும் நியாயம் விசாரித்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறதே தவிர, தேசம் அமைதலாயிருந்ததாக அதன்பின் ஓரிடத்திலும் இல்லை. எழுத்தை மட்டும் வாசித்துப் போகிறவரின் கண்ணுக்கு இந்த இல்லாமை எளிதில் படாது. பச்சையற்ற பக்கங்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால், பிடித்த வசனத்துக்கெல்லாம் மஞ்சள் அடிப்பது வேறு விஷயம். தம் ஜனங்கள்மேல் கர்த்தர் கொண்டிருக்கும் நல்ல நினைவுகளைச் சொல்லும் எரேமியா 29:11 பலருடைய வேதாகமத்தில் பளிச்சென்று தெரியும். அந்த நல்ல நினைவுகள் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு பலிக்கப்போகிறவை என்று சொல்லும் 10-ஆம் வசனமோ நிறமின்றிக் கிடக்கும். கற்கும் முறைகளை மதிப்பிட்டு ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அடிக்கோடிடுவதையும் நிறம் தீட்டுவதையும் பயன் குறைந்த முறைகளின் வரிசையில்தான் வைத்தது. வேதாகமத் தாள் மெல்லியது என்பதால், சாதாரண ஹைலைட்டரின் மை மறுபக்கத்துக்கு ஊறிவிடுகிற தொல்லையும் உண்டு. கலர் பென்சிலோ மெழுகு போன்ற ஜெல் ஹைலைட்டரோ போதும்.

செயலியில் மை ஊறாது, தேடினால் எதுவும் கிடைக்கும், பல மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். குறை என்னவென்றால், பல செயலிகளில் வசனம் முழுவதற்கும்தான் நிறம் ஏறுமே தவிர, ஒரு சொற்றொடரை மட்டும் பிரித்துக் குறிக்க முடியாது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசனப் பிரிவு, 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற பதிப்பாளர் அமைத்தது. பவுல் எழுதியது அல்ல. எபேசியர் 1:3-14 கிரேக்க மூலத்தில் ஒரே நீண்ட வாக்கியமாக ஓடுகிறது. அதைப் பன்னிரண்டு கட்டங்களாக நிறமிட்டால் கருத்தின் ஓட்டம் அறுந்துபோகும்.

நிருபங்களுக்கும் தீர்க்கதரிசனங்களுக்கும் குறிப்பேடே ஏற்றது. ஏன், எதற்கு என்ற கேள்விகளை எழுத அங்கேதான் இடம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகரான ஜோனத்தன் எட்வர்ட்ஸ், வெற்றுத் தாள்களுக்கு இடையே சிறிய வேதாகமத்தின் பக்கங்களை வைத்துத் தைத்த ஒரு பிரதியை 1730 வாக்கில் பெற்று, பல ஆண்டுகளாக அதில் 5,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். வசனமும் குறிப்பும் பிரியாமல் இருப்பதே அந்த அமைப்பின் சிறப்பு. தனிக் குறிப்பேட்டின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது: எழுதியது எங்கே என்று பிறகு தெரியாது. தேதி வரிசையில் எழுதாமல், வேதத்தின் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனிப் பகுதி ஒதுக்கி, இடது ஓரத்தில் அதிகார வசன எண்ணைப் போட்டு எழுதினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

ஒன்றை மட்டுமே தொடர முடியும் என்பவருக்கு நான் குறிப்பேட்டையே சொல்வேன். வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்தால், அந்த வசனத்துக்குக் குறிப்பேட்டில் ஏதோ எழுதியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளமாகிவிடும்.