மாட்யூலர் சில்லர், ஹீட் பம்ப்: சில வருடம் ஓடிய பிறகு தெரிவது

பெரிய ஒரே மெஷினுக்குப் பதில், பல சிறிய மெஷின்களை (மாட்யூல்) சேர்த்துக் கட்டடத்துக்கான தண்ணீரைக் குளிர்விப்பது மாட்யூலர் சில்லர். "ஒன்று நின்றாலும் மற்றவை ஓடும்" என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். கம்ப்ரஸர் வரைக்கும் அது சரி. ஒரு மாட்யூல் படுத்தால் குளிர்ச்சி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சில வருடம் ஓடிய பிளான்ட்டில் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவது பொதுவாக இருக்கும் தண்ணீரும் கன்ட்ரோலும்.

முதலில் ஸ்ட்ரெய்னர், அதாவது தண்ணீரில் வரும் அழுக்கைப் பிடிக்கும் வடிகட்டி. மாட்யூலுக்குள் தண்ணீரும் கேஸும் வெப்பத்தை மாற்றிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் பிரேஸ்டு பிளேட் எக்ஸ்சேஞ்சர், அதாவது ஒன்றோடொன்று பற்றவைத்த மெல்லிய தகடுகள். தகடுகளுக்கு நடுவே வழி மிகக் குறுகல், பிரித்துக் கழுவவும் முடியாது. 1 மில்லிமீட்டருக்கும் நுணுக்கமான வலை கட்டாயம். பைப் வேலை முடிந்ததும் எக்ஸ்சேஞ்சருக்குள் விடாமல் பைபாஸில் ஃப்ளஷ் செய்யாவிட்டால், வெல்டிங் கசடு நேராக அந்தத் தகடுகளில் போய் உட்காரும்.

100 கிலோவாட் மாட்யூலுக்கு 5 டிகிரி வித்தியாசத்தில் விநாடிக்குச் சுமார் 4.8 லிட்டர் ஓட வேண்டும். எக்ஸ்சேஞ்சரின் இரு பக்கமும் பிரஷர் கேஜ் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாள் 40 கிலோபாஸ்கல், இன்று 20 என்றால், ஓட்டம் 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, ஸ்ட்ரெய்னரைத் திறங்கள். அதே ஓட்டத்தில் கேஜ் வித்தியாசம் ஏறினால் அழுக்கு தகட்டில். கவனிக்காமல் விட்டால் லோ பிரஷர் டிரிப் வரும், அதாவது கேஸ் அழுத்தம் இறங்கி மெஷின் தானே நின்றுவிடும். அதை ரீசெட் செய்து ரீசெட் செய்து ஓட்டினால் ஒருநாள் உள்ளே பனி உறைந்து தகடு கிழியும், தண்ணீர் கேஸ் சர்க்யூட்டுக்குள் போகும், கம்ப்ரஸரும் சேர்ந்து போகும். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மெஷினை நிறுத்தும் ஃப்ளோ சுவிட்ச்சை ஷார்ட் செய்து ஓட்டுவதை எந்த அவசரத்திலும் அனுமதிக்கக் கூடாது.

அடுத்தது, நின்றிருக்கும் மாட்யூல் வழியாகப் போகும் தண்ணீர். நான்கில் இரண்டு ஓடுகின்றன, திரும்பி வருவது 12 டிகிரி, ஓடுபவை கொடுப்பது 7. மற்ற இரண்டிலும் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் கலக்கும் பொதுக் குழாயான ஹெடரில் கிடைப்பது 9.5 டிகிரி. ஈரப்பதம் இறங்கவில்லை என்று புகார் வந்ததும் செட் பாயின்ட்டைக் குறைப்பார்கள். கரன்ட் பில்தான் ஏறும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் மோட்டார் வால்வு வேண்டும், அது மெதுவாகத் திறக்க வேண்டும். படாரென்று திறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூலின் ஓட்டம் சரிந்து டிரிப் ஆகும். கூடவே இரு பக்கமும் கை வால்வு. அது இல்லாவிட்டால் ஒன்றைக் கழற்ற மொத்தத்தையும் வடிக்க வேண்டும், பிறகு மாட்யூலர் என்ற பேச்சே வீண்.

வெளிக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்பில் சிக்கல் டிஃப்ராஸ்ட், அதாவது படிந்த பனியை உருக்குவது. குளிர்ந்த, ஈரமான காற்றில் வெளிக் காயிலில் உறைபனி படியும். அதை உருக்க மெஷின் திசை மாறி, சூடாக்க வேண்டிய தண்ணீரிலிருந்தே வெப்பத்தை எடுக்கும். 1,000 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி இறங்கினால் கிடைப்பது சுமார் 5.8 யூனிட், 100 கிலோவாட் லோடை மூன்றரை நிமிடம்தான் தாங்கும். இதற்கான தண்ணீரைத் தேக்கி வைக்கும் பஃபர் டேங்கை இந்தக் கணக்குப் போட்டு எடுங்கள், இடம் இருக்கும் அளவுக்கு என்று அல்ல. எல்லா மாட்யூலும் ஒரே நேரத்தில் டிஃப்ராஸ்ட்டுக்குப் போகாதபடி கன்ட்ரோலில் பூட்டு வைக்க வேண்டும்.

80 டிகிரி தண்ணீருக்கென்று போட்ட பழைய ரேடியேட்டரில் ஹீட் பம்பின் 45 டிகிரி தண்ணீரை விட்டால் பழைய வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். குளிர்ச்சிக்கென்று எடுத்த ஃபேன் காயிலில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஒரே கட்டடத்தில் சூடும் குளிர்ச்சியும் சேர்ந்து தேவைப்பட்டால் இரண்டு தண்ணீரையும் ஒரே நேரத்தில் தனித்தனிப் பைப்பில் கொடுக்கும் நான்கு பைப் யூனிட்டுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாம். 100 கிலோவாட் குளிர்ச்சிக்கு 30 கிலோவாட் மின்சாரம் போனால், 130 கிலோவாட் வெப்பமும் கையில் வரும். இரண்டு தேவையும் ஒரே வேளையில் வராத கட்டடத்தில் அது வீண் செலவு.

ஒப்படைக்கும் நாளில், எல்லா மாட்யூலையும் சேர்த்து நடத்தும் மாஸ்டர் கன்ட்ரோலரின் கம்யூனிகேஷன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். மாட்யூல்கள் தனித்தனியாகத் தொடர்ந்து ஓடினால் கையெழுத்துப் போடலாம்.