வாஷிங்டனில் பாகிஸ்தானுக்காகப் பேச: தொகுதி வாக்காளரா, சம்பள லாபியா?

அமெரிக்கப் பாகிஸ்தானியர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தங்கள் தொகுதி உறுப்பினரை அணுகலாம். இஸ்லாமாபாத் அரசோ, தனக்காக அரசியல்வாதிகளிடம் ஆதரவு திரட்டும் லாபி நிறுவனத்தைக் காசு கொடுத்து அமர்த்தும்.

முதல் வழியில் செலவு குறைவு, அலைச்சல் அதிகம். உறுப்பினரைவிட, வெளியுறவைக் கவனிக்கும் அவருடைய உதவியாளரைப் பிடிப்பதே பலன் தரும். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. கோரிக்கை ஒன்றே ஒன்று, மசோதா எண்ணோடு. பாகிஸ்தான் தேர்தல் முறைகேடுகளை விசாரிக்கக் கோரிய 901-ஆம் தீர்மானம் 2024 ஜூன் 25-இல் பிரதிநிதிகள் சபையில் 368-க்கு 7 என நிறைவேறியதில் இந்த அழுத்தத்துக்கும் பங்குண்டு. ஆனால் தீர்மானம் சட்டமல்ல, அதிபரைக் கட்டுப்படுத்தாது. மூன்றே நாளில் பாகிஸ்தான் தேசிய சபை பதில் தீர்மானம் போட்டது, அத்தோடு சரி.

லாபி நிறுவனமோ 1938-ஆம் ஆண்டு வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டப்படி, ஒப்பந்தமான 10 நாளுக்குள் அமெரிக்க நீதி அமைச்சகத்தில் பதிய வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை வரவுசெலவும் காட்ட வேண்டும். தொகுதி மக்களைப்போல் அதன் கையில் வாக்கு இல்லை. சுங்கவரி, கனிமம் போன்ற பேரங்களுக்கு இதுவே தோது. ராணுவத் தளபதி அசிம் முனீர் மீது தடை கேட்ட மசோதா பிரதிநிதிகள் சபையில் கிடக்கும்போதே, 2025 ஜூன் 18-இல் டிரம்ப் அவருக்கு மதிய விருந்து வைத்தார். வெளியுறவில் அதிபர் கைதான் ஓங்கும்.

புலம்பெயர் அமைப்புகள் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. பாகிஸ்தான் கட்சி ஒன்றின் சொற்படி இயங்கினால், அமெரிக்கக் குடிமக்களானாலும் அதே சட்டத்தில் பதிய நேரிடும்.