கூம்பு முனையா, உளி முனையா? என் ஓட்டு உளிக்கே

மின்னணுப் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னோடு பெரும்பாலும் கூம்பு முனைதான் வரும். கூராக இருப்பதால் நுணுக்கமான வேலைக்கு இதுவே பொருத்தம் என்று பலர் அதிலேயே தொடர்கிறார்கள். என் ஹாக்கோ 888 அயர்னுக்கு மாற்று முனை தேவைப்பட்டபோது சிங்கப்பூர் ஜாலான் புசாருக்குப் போய் (கணினிக் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் இல்லை, மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவர்) 2.4 மிமீ உளி முனையைக் கேட்டு வாங்கினேன். அப்புறம் கூம்புப் பக்கம் திரும்ப மனசு வரவில்லை.

சூடு கடத்துவதில் உளி மேல் என்பது தெரிந்த விஷயம். அதன் தட்டை முகம் மின்சுற்றுப் போர்டின் செம்புத் திட்டையும் பாகத்தின் காலையும் ஒருசேரத் தொடும். கிரவுண்டுக்கு, அதாவது போர்டின் அகன்ற செம்புப் பரப்புக்குப் போகும் கால் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே கூம்பு திணறும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை தேர்வைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். முனைக்குள் இருப்பது செம்பு. வேலை செய்யும் நுனியில் அதன்மேல் மெல்லிய இரும்புப் பூச்சு. அந்த இரும்பு சூட்டில் காற்றுப் பட்டால் கறுத்துவிடும். கறுத்த முனையில் சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்) ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு விழும். இதைத் தடுப்பது முனைமேல் எப்போதும் படிந்திருக்கும் சால்டர் மட்டுமே. உளியின் அகன்ற முகத்தில் அது பளபளவென்று பரவி நிற்கும். கூம்பிலோ நுனியில் தங்காமல் பருத்த பக்கமாக ஏறிவிடும். நமக்கு வேண்டிய நுனிதான் முதலில் கறுக்கும். உடனே சூட்டை 400 டிகிரிக்கு மேல் ஏற்றத் தோன்றும். ஏற்றினால் இன்னும் வேகமாகக் கறுக்கும். நல்ல முனைகள் இப்படித்தான் வீணாகின்றன.

63/37 சால்டர் கம்பி (63% வெள்ளீயம், 37% ஈயம்) 183 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் 320 எனக்குப் போதும். ஈயமில்லாத கம்பிக்கு 350 வைக்கிறேன். அந்தக் கம்பி இரும்புப் பூச்சைச் சீக்கிரம் அரிக்கவும் செய்யும். ஈரப் பஞ்சைவிடப் பித்தளைச் சுருளில் துடைப்பது நல்லது, முனை சட்டென்று குளிராது. எல்லாவற்றையும்விட முக்கியம் அணைக்கும் நேரம். துடைக்காமல், புது சால்டரைத் தாராளமாக உருக்கி முனையை மூடி, அப்படியே அணைத்துவிட வேண்டும். அடுத்த முறை சூடானதும் சுருளில் ஒரு குத்து குத்தி எடுத்தால் முகம் பளிச்சென்று வரும். புளோக்குக்குக் கீழே காப்பிக் கடைக்குப் போய் வருவதானாலும் இதைச் செய்துவிட்டே போங்கள்.

முனை கறுத்தே போனாலும் அரமோ உப்புத்தாளோ வேண்டாம். பூச்சு போய்விட்டால் உருகிய சால்டர் உள்ளே இருக்கும் செம்பைக் கரைத்துக் குழி பறித்துவிடும். ஃபிளக்ஸ் (கறையை நீக்கிச் சால்டரை ஒட்டவைக்கும் பொருள்) உள்ள கம்பியை உருக்கி உருக்கிச் சுருளில் துடைத்துப் பாருங்கள். மசியவில்லை என்றால், கறுத்த முனையைச் சுத்தம் செய்து மறுபடி சால்டர் பூசும் டிப் டின்னர் பசை.

சரி, கூம்புக்கு இடமே இல்லையா? நெருக்கமான பாகங்களுக்கு நடுவே நுழைந்து ஒரே ஒரு காலைத் தொட வேண்டியிருந்தால் அது உதவும். நான் செய்வது துளை வழி வேலையும் (பாகத்தின் காலைப் போர்டின் துளையில் நுழைத்துப் பற்றவைப்பது) போர்டின் மேல் ஒட்டும் 0805 அளவு (சுமார் 2 மிமீ நீளம்) பாகங்களும்தான். 0402 (சுமார் 1 மிமீ நீளம்) போன்ற பொடிப் பாகங்களில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அங்கே என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றபடி, சிறிய வேலைக்கென்று இரண்டாவது முனை வாங்குவதாக இருந்தாலும் 1.6 மிமீ உளியைத்தான் சொல்வேன்.