முட்டி ஆபரேஷனுக்குப் பின் வீடியோ காலில் பிசியோதெரபி: ஓராண்டு தாண்டிய அனுபவம்

அம்மாவுக்கு மதுரையில் வலது முட்டியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பக்கம். கடமலைக்குண்டு, ஆண்டிபட்டி வழியாக மதுரைக்குப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும். புதிதாக ஆபரேஷன் ஆன காலைத் தொங்கப்போட்டு அவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் வீக்கம்தான் மிஞ்சும். அதனால்தான் வீடியோ கால்.

இதை யோசிப்பவர்கள் தொடக்கத்தை மட்டும் நேரில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே பிசியோ (பிசியோதெரபி செய்பவர்) எனக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்: குதிகாலைப் படுக்கையில் இழுத்து முட்டியை மடக்குவது, தொடைத் தசையை இறுக்கிப் பிடிப்பது, எழும்போது எங்கே தாங்குவது. வீட்டில் அவருடைய கை நான்தான். துணைக்கு ஆள் இல்லாத வீட்டில் இது கஷ்டம்.

நான் எதிர்பார்க்காத நன்மை, பிசியோ எங்கள் வீட்டைப் பார்த்தது. கயிற்றுக் கட்டில் தாழ்வாகவும் தொய்ந்தும் இருப்பதைப் பார்த்ததும் உயரமான மரக்கட்டிலுக்கு மாற்றச் சொன்னார். சுகமாக இருக்கிறதென்று அம்மா முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருந்தார். "அம்மா, அதை எடுத்துக் கணுக்காலுக்கு அடியில் வைங்க, இல்லைன்னா கால் முழுசா நீளாது" என்றார். மடங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். நீட்டுவதும் அதே அளவு முக்கியம். வாசல்படியையும் காட்டச் சொல்லி அங்கேயே பழக்கினார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில், கைத்தடி இடது கையில். ஆஸ்பத்திரி அறையில் இதெல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்காது.

போனைப் பக்கவாட்டில், முட்டி உயரத்துக்கு வையுங்கள். முன்னால் வைத்தால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று தெரியாது. முதல் இலக்கு 90 டிகிரி. நாற்காலியில் உட்கார்ந்து எழ அவ்வளவாவது வேண்டும். டவர் சரியாகக் கிடைக்காத நாட்களில் பயிற்சியைப் பதிவு செய்து அனுப்பினோம். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டுக் குரல்பதிவில் திருத்தினார். விட்டு விட்டு வரும் நேரடி வீடியோ அழைப்பை விட அது நன்றாகவே வேலை செய்தது.

குறை என்றால் தொட்டுப் பார்க்க முடியாததுதான். சூடு, தசையின் இறுக்கம், வீக்கத்தின் கனம் எதுவும் திரையில் தெரியாது. ஒருமுறை கெண்டைக்கால் வீங்கி வலித்தது. பயிற்சியே வேண்டாம், ரத்தம் உறைந்திருக்கலாம், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள் என்று சொல்லிவிட்டார். நல்லவேளை, ஒன்றுமில்லை. இப்படி நிறுத்தத் தெரிந்தவரிடம் மட்டுமே வீடியோவில் சிகிச்சை எடுங்கள். பெயர் தெரியாத யூடியூப் பயிற்சியை நம்பி இறங்காதீர்கள்.

அம்மா இப்போது கடைக்கும் கோயிலுக்கும் தடியில்லாமல் போகிறார். தரையில் சம்மணம் போடக் கூடாது என்பதில் மட்டும் இன்னும் வருத்தம். "தாயி, ஒரு தடவ உக்காந்து பாக்கட்டா?" என்று ஒவ்வொரு வீடியோ காலிலும் கேட்கிறார், பிசியோ விடுவதில்லை.

எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவருக்குக் கை கால்களை ஒருவர் பிடித்து அசைத்துவிட வேண்டும். அவருக்கு வீடியோ கால் போதாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.