‘லாக்டைட் போட்டாச்சுண்ணே’ என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய புல்லட், கிளாசிக் 350 ஓட்டுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. லாக்டைட் என்பது போல்ட் கழலாமலிருக்க மரையில் விடும் திரவ மருந்து. பட்டறை பெயரைப் போடவில்லை. என்ன பித்தலாட்டம் நடந்தது என்று தெரிந்துகொண்டால் எந்தப் பட்டறையிலும் நின்ற இடத்திலேயே பிடித்துவிடலாம்.

வண்டி 346 சிசி பழைய கிளாசிக். சைலென்சர் போல்ட் அடிக்கடி லூஸ் ஆகிறது, நம்பர் பிளேட் ஒரு பக்கம் விண்டு தொங்குகிறது, வேகம் 70-ஐத் தாண்டினால் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்த கால் மரத்துப்போகிறது. இவ்வளவுதான் குறை. பட்டறையில் இதற்கு ‘ஆன்டி வைப்ரேஷன் பேக்கேஜ்’ என்று ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பில்லில் ஒரே வரி: எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் கிட், லேபர் உட்பட ரூ. 4,600. சாவியைக் கொடுக்கும்போது சொன்ன வார்த்தை: ‘எல்லாத்துக்கும் லாக்டைட் போட்டாச்சுண்ணே, ஜென்மத்துக்கும் கழலாது.’

பிறகு சைலென்சர் மறுபடி ஆட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சின்ன எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டில்கூடச் சிவப்பு மருந்து. சைலென்சர் பெண்டை ஹெட்டில் பிடிக்கும் ஸ்டட்டுகளில் (தலையில்லாத போல்ட்) நைலான் வளையம் வைத்த நைலாக் நட். டெயில் லேம்ப் ஸ்க்ரூவில் ஃபெவிக்விக். முன் பிரேக் காலிப்பரில் தலையில் எந்த எண்ணும் இல்லாத பளபள போல்ட் இரண்டு. மூலகாரணமான இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகளில் மட்டும் ஸ்பேனரே படவில்லை. பழைய செம்மண் புழுதி அப்படியே அப்பிக் கிடந்தது.

முதலில் ஒரு விஷயம். இந்த இன்ஜினில் நடுக்கம் இருக்கத்தான் செய்யும். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், நடுக்கத்தைச் சமன் செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. 3,000 ஆர்.பி.எம்.மில் அந்தப் பிஸ்டன் நொடிக்கு 50 தடவை மேலும் கீழும் போய்வருகிறது. கிராங்க்கில் இருக்கும் எதிர் எடை அதில் ஒரு பங்கைத்தான் சமன் செய்யும். 2021-ல் வந்த புதிய கிளாசிக்கின் 349 சிசி இன்ஜினில் பேலன்சர் ஷாஃப்ட் உண்டு, அதனால் அது அமைதி. பழைய இன்ஜினை வைத்துக்கொண்டு ‘வைப்ரேஷனே இல்லாம பண்ணித் தர்றோம்’ என்று யாராவது சொன்னால் அதுவே முதல் பொய். மவுண்டிங் லூஸானதால் கூடுதலாக வந்த நடுக்கத்தைத்தான் எடுக்க முடியும்.

போல்ட் ஏன் கழல்கிறது என்பதைப் பட்டறைக்காரர்களில் பலரே தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். போல்ட்டின் நீளவாக்கில் குலுக்கினால் கழல்வது குறைவு. போல்ட் சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் நழுவினால்தான் ஆபத்து. நழுவும் அந்தக் கணத்தில் மரையில் உராய்வு விட்டுப்போகிறது, போல்ட் தன் சரிவிலேயே கொஞ்சம் பின்னால் சுற்றிக்கொள்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969-ல் இதைச் சோதனை செய்து காட்டினார். அப்படியானால் தகடுகள் நழுவாதபடி இறுக்கிப் பிடிக்கும் இழுவிசைதான் உண்மையான காவல். மருந்து அதற்குத் துணை, அவ்வளவுதான். இறுக்கம் போதாத போல்ட்டில் மருந்து ஊற்றினால் போல்ட் சுற்றாமல் இருக்கலாம். ஆனால் தகடு ஆடிக்கொண்டே இருக்கும், கடைசியில் போல்ட் களைத்து முறியும். ஸ்பிரிங் வாஷரும் பெரிய துணையில்லை. முழுசாக இறுக்கினால் அது தட்டையாகிச் சாதாரண வாஷர் ஆகிவிடுகிறது. இந்த வண்டியில் ஒரே போல்ட்டுக்கு இரண்டு ஸ்பிரிங் வாஷர் அடுக்கியிருந்தார்கள். நழுவுவதற்கு இன்னொரு பரப்பைக் கூட்டியதுதான் மிச்சம்.

நாம் ஸ்பேனரில் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாகிறது. மீதியெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். மரையில் துருவோ மண்ணோ இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும். ஸ்பேனர் ‘டைட்’ என்று சொல்லும், உள்ளே பிடி இருக்காது. நம் ஊர்ச் செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்கு இது முக்கியம். மரையைத் துடைக்காமல் இறுக்குவது இறுக்காததற்குச் சமம்.

இப்போது சிவப்பு மருந்து. லாக்டைட்டில் 222 ஊதா, சின்னத் திருகுகளுக்கு. 243 நீலம், கை ஸ்பேனரால் திரும்பக் கழற்றலாம், பைக்கில் பெரும்பாலான இடத்துக்கு இதுவே போதும். 271 சிவப்பு, கழற்ற வேண்டுமானால் 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்டி, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். இதை அலுமினிய இன்ஜின் கவரின் எம்6 போல்ட்டில் போட்டால் அடுத்த சர்வீஸில் தலை தனியாக வந்துவிடும். இந்த வண்டியில் இரண்டு தலைகள் வந்துவிட்டன. பிறகு லேத் பட்டறை, டிரில், எக்ஸ்ட்ராக்டர் என்று தனிச் செலவு. சிவப்பு போட்ட போல்ட் உங்களிடம் மாட்டினால் முறுக்காதீர்கள். பெட்ரோல் டேங்க்கை இறக்கிவைத்துவிட்டு, நல்ல வாட்டேஜ் உள்ள சால்டரிங் அயர்னைப் போல்ட் தலையில் சில நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். டேங்க் பக்கத்தில் கேஸ் டார்ச்சைப் பற்ற வைக்கிற பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்துவிடுங்கள்.

மருந்து அசலா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. இந்த வகை மருந்து காற்று படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டால் மறுநாளும் ஈரமாகவே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் காய்ந்தால் அது வெறும் பசை. பாட்டிலில் பாதிதான் மருந்து இருக்கும், மேலே காற்று இருப்பதால்தான் அது கெடாமல் இருக்கிறது. அதைப் பார்த்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம், வேறு கம்பெனிகள் வேறு நிறம் வைக்கும். எண்ணையும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

போடும் முறையில்தான் பாதி வேலை. இரண்டு மரையையும் தின்னரால் துடைத்து உலரவிட வேண்டும். எம்6-க்கு ஒரு சொட்டு, எம்8-க்கு இரண்டு, மரை கடிக்கும் இடத்தில். அடிப்பக்கம் மூடிய துளையென்றால் சொட்டைத் துளைக்குள்ளும் விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று மருந்தை வெளியே தள்ளிவிடும். அதற்காகக் குழி நிறைய ஊற்றினால் போல்ட் திரவத்தை அழுத்தி அலுமினியத்தை விரிசலடிக்க வைக்கும். இறுக்கிய பிறகு முழுப் பலம் வர 24 மணி நேரம் ஆகும். மாலையில் போட்டு இரவே ‘ஓட்டிட்டுப் போங்க’ என்றால் அரைகுறை. பிளாஸ்டிக்கில் இதைத் தொடவே கூடாது. இண்டிகேட்டர், டெயில் லேம்ப் கண்ணாடியெல்லாம் வெடித்துவிடும்.

சைலென்சர் நட் கதையைச் சொல்கிறேன். நைலாக் நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையம் 120 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். ஹெட் பக்கத்துச் சூட்டில் அது உருகி, கறுப்புப் பிசினாக வழிந்து ஸ்டட்டில் ஒட்டியிருந்தது, நட் விரலால் சுழன்றது. 243-ம் 180 டிகிரிக்கு மேல் நிற்காது. அங்கே முழுக்க உலோகத்தாலான லாக் நட், புது கேஸ்கெட், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குவது, சூடாகி ஆறிய பிறகு ஒரு தடவை மறுபடி பார்ப்பது. வேறு மந்திரம் கிடையாது. நைலாக் நட்டை மற்ற இடங்களில் தாராளமாகப் போடலாம். கையாலேயே கடைசி வரை ஏறினால் அது செத்த நட், தூக்கிப் போடுங்கள்.

எஸ்.எஸ். போல்ட் மோகம் இன்னொரு வலை. நல்ல ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தலையில் ஏ2-70 என்று இருக்கும். அதன் இழுவலிமை 700 மெகாபாஸ்கல். சாதாரணக் கறுப்பு 8.8 போல்ட்டே 800. 10.9 என்று எண் போட்ட போல்ட் ஆயிரம் மெகாபாஸ்கலைத் தாண்டும். காலிப்பர், ஃபுட்ரெஸ்ட், இன்ஜின் மவுண்டிங் இதிலெல்லாம் அழகுக்காக வலிமையைக் குறைத்தால் விளைவு நம் முழங்காலில்தான் தெரியும். எண்ணே இல்லாத பளபளப்பு பெரும்பாலும் குரோம் பூசிய இரும்பு. காந்தத்தை வைத்தால் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும், நல்ல ஸ்டெயின்லெஸ் லேசாகத்தான் இழுக்கும். இன்னொன்று, ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். உலோக அரிப்பை ஆராய்கிற சிக்ரி ஆய்வு நிறுவனம் 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது, அதே ஊரில் இந்த வியாபாரம்!

கிட்டில் வந்த போல்ட்டுகளின் நீளமும் தப்பு. இன்ஜின் கவரில் அசலாக இருக்க வேண்டியதைவிடக் குட்டை, நாலு சுற்றிலேயே நின்றுவிட்டது. எம்6-ல் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. என்பதால் 4 மி.மீ. மரைதான் கடித்திருக்கிறது. அலுமினியத்தில் எம்6-க்கு 9 முதல் 12 சுற்று கடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மரை உருவிக்கொண்டு வரும். அப்படி உருவிய துளை ஒன்றில் டெஃப்ளான் டேப் சுற்றி ஏற்றியிருந்தார்கள். சரியான வேலை ஹெலிகாயில்தான். எம்6-க்கு 6.3 மி.மீ. டிரில், அதற்குரிய மரை வெட்டும் டேப், உள்ளே கம்பிச் சுருள். பழைய மரையைவிட உறுதி. கவரைக் கழற்றும்போது ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட்டுகளை அந்தந்த இடத்தில் குத்திவைத்தால் நீளம் மாறவே மாறாது. ஐந்து நிமிட வேலை.

கண்ணில் எளிதில் படாத திருட்டு என்றால் காலர். சைலென்சர், பின் மட்கார்டு, நம்பர் பிளேட் இங்கெல்லாம் ரப்பர் புஷ்ஷுக்குள் ஒரு சின்ன உலோகக் குழாய் இருக்கும். போல்ட் அந்தக் குழாயைத்தான் இறுக்கும், ரப்பர் சுதந்திரமாக அசையும். குழாயைத் தொலைத்துவிட்டு வெறும் ரப்பரை நசுக்கி இறுக்கினால், ரப்பர் பிதுங்கிப் பிதுங்கி மெலிய, போல்ட் ஒரு பல் சுற்றாமலேயே லூஸாகிவிடும். சைலென்சர் மறுபடி ஆடியதற்கு இதுவும் ஒரு காரணம். புது லெக் கார்டிலும் இதே கதை: கிளாம்ப்புக்கு அடியில் இருக்கும் கெட்டிப் பெயின்ட் நசுங்கி இறுக்கம் போகும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள், 200 கி.மீ. ஓடியபின் மறுபடி பிடியுங்கள்.

ஒழுங்கான வேலை எங்கே தொடங்க வேண்டும்? இன்ஜின் மவுண்டிங்கில். முன், அடி, பின் போல்ட்டுகளையும், ஹெட்டை ஃபிரேமோடு பிடிக்கும் ஹெட் ஸ்டெடி இருந்தால் அதையும், மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) பிடிக்க வேண்டும். தகடு நழுவும் இடத்தில் இரும்பு உராய்ந்து செம்பழுப்புத் தூள் கசியும். நம் ஊரில் அதைச் செம்மண் என்று நினைத்துத் துடைத்துவிடுகிறோம். துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு தடவை குன்றக்குடி போய்வந்து பாருங்கள். போல்ட்டைச் சுற்றி மட்டும் மறுபடி அந்தத் தூள் வந்திருந்தால் அது மண் இல்லை. அதற்கப்புறம் செயின் இறுக்கம், ஸ்ப்ராக்கெட், வீல் பேரிங், ரப்பர்கள். மருந்தெல்லாம் கடைசியில்.

டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் எம்6-ஐ நீளமான ஸ்பேனரால் பிடித்தால் பக்கத்தில் நின்று தடுங்கள். மேனுவல் வேறு சொல்லாத இடத்தில் எம்6-க்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது 10 செ.மீ. பிடியில் 10 கிலோ அழுத்தம். 8.8 எம்8-க்கு 22 முதல் 25. பிரேக், ஆக்சில், மவுண்டிங் மூன்றுக்கும் ஊகமே கூடாது, மேனுவல்தான். ஆக்சில் நட்டில் ஸ்பிளிட் பின் இருந்தால் ஒவ்வொரு தடவையும் புதுசு.

வண்டியை எடுக்கும்போது பழைய போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டுக் கேளுங்கள். பில்லில் எந்த போல்ட், எத்தனை, எந்த மருந்து, எந்த எண் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இறுக்கி முடித்த போல்ட் தலையிலிருந்து இன்ஜின் கேஸ் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு விலகினால் போல்ட் சுற்றியிருக்கிறது, குனிந்து பார்த்தாலே தெரியும். கோடு போட மாட்டேன் என்கிற பட்டறைக்கு வேலையில் நம்பிக்கை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டறையில் போல்ட்டுகளையும் உருகிய நட்டையும் மேசையில் வைத்துக் கேட்டபோது, ‘நீங்க ஓட்டுற ஸ்பீடு அப்படி’ என்றார்கள். போட்டோவையும் பில்லையும் காட்டி, நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியப்போவதாகச் சொன்ன பிறகு கிட்டின் விலை மட்டும் திரும்பி வந்தது. லேபர் வரவில்லை, முறிந்த போல்ட்டை எடுத்த லேத் செலவும் வரவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் பிரிக்குமுன்னும் பின்னும் படம் எடுத்துவையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை. நம் பக்கத்துக்காரர்களுக்கு அது சிவகங்கையில்.