எடிசனில் ஒரு குடிவரவு வழக்கறிஞர் அலுவலகம்

எச்-1பி வேலை பறிபோன பிறகு, என் கணவர் ஐ-94 பதிவில் தங்க அனுமதித்திருந்த கடைசித் தேதியைத் தாண்டி ஓராண்டுக்கும் மேலாக அமெரிக்காவில் தங்கி, அனுமதியின்றி வேலையும் பார்த்திருந்தார். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நான் அவருக்கு கிரீன் கார்டு கோர முடியுமா என்று கேட்கவே நியூ ஜெர்சியில் உள்ள இந்த அலுவலகத்துக்குச் சென்றோம்.

கட்டணம் பேசுமுன் வழக்கறிஞர் பாஸ்போர்ட்டின் நுழைவு முத்திரையைத்தான் கேட்டார். முறையாக அனுமதிக்கப்பட்டு நாட்டுக்குள் வந்தவர் குடிமகனையோ குடிமகளையோ மணந்திருந்தால், கூடுதலாகத் தங்கியதும் அனுமதியின்றி உழைத்ததும் மட்டுமே தடையாகிவிடாது என்றும், கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரின் துணைக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது என்றும் பொறுமையாக விளக்கினார். வேலைக்கான ஐ-9 படிவத்தில் தன்னைக் குடிமகன் என்று குறித்ததுண்டா என அவர் என் கணவரிடம் இருமுறை கேட்டார். அந்தப் பொய்க்கு ஏறக்குறைய மன்னிப்பே இல்லையாம்.

முன்பு ஓர் ஆலோசகர், சென்னைக்குப் போய்ப் புது விசாவில் திரும்புமாறு எங்களிடம் சொல்லியிருந்தார். அப்படி வெளியேறியிருந்தால், ஓராண்டுக்கும் மேல் கூடுதலாகத் தங்கியதற்காக மீண்டும் அமெரிக்காவுக்குள் வர 10 ஆண்டுத் தடை விழுந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஐ-864 ஆதரவுப் பத்திரம், மருத்துவப் பரிசோதனைக்கான ஐ-693 என அனைத்தையும் சரிபார்த்து, கணவருக்காக நான் கொடுக்கும் ஐ-130 மனு, அவருடைய ஐ-485 கிரீன் கார்டு விண்ணப்பம் இரண்டையும் ஒன்றாக அனுப்பினார்கள். தொலைபேசியில் அழைத்தால் உதவியாளர்கள் தாமதமாகவே பேசுகிறார்கள். அது ஒன்றே குறை. நேர்காணலுக்கு வழக்கறிஞரே உடன் வந்தார்.